விரும்பித்தானே போனான்?

"விரும்பித்தானே போனான்? யார் பிடித்துத் தள்ளினார்கள்?"

அயல்நாட்டுக்கு வேலை தேடிச் சென்றவன், பேசிய ஊதியம் கிடைக்காமல், கடவுச்சீட்டும் கையில் இல்லாமல், திரும்பிவர வழியும் தெரியாமல் தவிக்கிறான் என்று செய்தி வரும்போதெல்லாம், இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. ஆளை அனுப்பிய தரகர் கேட்கிறார். வேலை வாங்கிய முதலாளி கேட்கிறார். மனுவை வாங்கும் அதிகாரி, வாய்விட்டுக் கேட்காவிடினும், மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார். ஏன், அடுத்த வீட்டுக்காரர், திண்ணையிலே அமர்ந்து வெற்றிலையை மென்றபடியே கேட்கிறார். ஒரே ஒரு கேள்வி. அத்தனை பேரையும் கைகழுவிக்கொள்ளச் செய்துவிடுகிறது!

இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ இருநூறு. பழமை என்பதற்காக எதையும் ஏற்கமாட்டோம், உரசிப் பார்த்தே ஒப்புவோம் என்று உரைக்கும் நாம், கோயிலில் குடியிருக்கும் பழமையை மட்டுமா உரசிப் பார்ப்பது? கூலிச் சந்தையிலே குடியிருக்கும் பழமையை விட்டுவைக்கலாமா?

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டச் சீமான்கள் கலங்கினர். அடிமை போய்விட்டால் கரும்பு வெட்டுவது யார்? அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' எனும் கப்பல், கல்கத்தாவிலிருந்து 36 இந்தியக் கூலிகளை ஏற்றிவந்து மொரீசியசுத் தீவில் இறக்கிற்று. 5 ஆண்டு ஒப்பந்தம். பின்னர் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அடிமையைச் சந்தையிலே விலைக்கு வாங்கினார்கள். கூலியிடம் கைநாட்டு வாங்கினார்கள். முன்னவனிடம் விருப்பம் உண்டா என எவரும் கேட்கவில்லை. பின்னவனிடம் கேட்டார்கள், கேட்டதாக எழுதியும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கைநாட்டின் பொருள் யாது? ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரு நாள் கூலி பிடித்தம். தோட்டத்தை விட்டு வெளியேறினால் சிறை. வணிகர் ஒருவர் பேசியபடி சரக்கு அனுப்பவில்லையென்றால் வழக்கு நட்டஈட்டோடு முடியும். கூலி பேசியபடி உழைக்கவில்லையென்றால் வழக்கு விலங்கிலே முடிந்தது. இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையாம்! ஒருவர் மீறினால் பணம், மற்றவர் மீறினால் உடல்!

கொடுமை வெளியே தெரிந்தது, கண்டனம் எழுந்தது. 1839-இல் துரைத்தனம் கூலி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1842-இல் மொரீசியசுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. 1844-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் திறந்தது. கூலிகளின் நலம் காக்கவென்று, பின்னர் வந்த சட்டங்கள் துறைமுகங்களில் அதிகாரிகளை அமர்த்தின. அவர்களுக்கு இட்ட பெயர், குடிபெயர்வோர் பாதுகாவலர். பெயர் மட்டும் சாகவில்லை என்பதை இடையிலே சொல்லிவைக்கிறேன்: 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலும் அதே பதவி, அதே பெயர்!

கதவைச் சாத்துவது, அல்லது கதவைத் திறப்பது. ஆள்வோர் கண்ட மருந்து இவ்விரண்டே. போகலாமா, கூடாதா என்பதைப் பற்றி ஏடு ஏடாக எழுதினார்கள். உள்ளே போனவன் வெளியே வர ஒரு கதவு உண்டா என்று கேட்டவர் சிலரே.

அந்த இரண்டாவது கதவைப் பற்றி விளக்க, நம் மக்கள் நன்கறிந்த சொல் ஒன்று இருக்கிறது. துண்டு! தோளிலே துண்டு போடும் உரிமைக்காக நடந்த போராட்டம் நமக்குத் தெரியும். இது வேறு துண்டு.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிச் சென்றவர் கங்காணி. ஊரிலேயே முன்பணம் கொடுப்பார். பழைய கடனை அடைக்க ஒரு தொகை, வழிச்செலவுக்கு ஒரு தொகை, சோற்றுக்கும் துணிக்கும் இன்னொரு தொகை. அத்தனையும் கணக்கிலே ஏறும். மலைக்குப் போய்ச் சேர்ந்து முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்பே தொழிலாளி கடனாளி. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற எண்ணினால், தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இந்தக் கங்காணியும் இவனுடைய ஆட்களும் தர வேண்டிய கடன் இவ்வளவு, இதைச் செலுத்தினால் இவர்களை விட்டுவிட இசைகிறேன் என்பது அதன் கருத்து. அதுதான் துண்டு. கங்காணி அதைக் கையிலே வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று பேரம் பேசுவார். புதிய துரை பணத்தைக் கட்டுவார். கட்டிய பணம் தொழிலாளியின் கணக்கிலே கடனாகத் தொடரும். கைமாறும்போது இன்னும் கொஞ்சம் வளரும். மாட்டுச் சந்தையில் மாடு கைமாறுகிறது. மாடாவது, தான் விற்கப்பட்ட விலையைத் தன் முதுகிலே சுமப்பதில்லை!

1921-இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இலங்கையிலே ஒழிந்தது, வளைகுடாவிலே வேறு பெயரில் வந்து நின்றது. எண்ணெய் வளம் கண்ட அந்நாடுகளில் 'கஃபாலா' எனப்படும் பொறுப்பாளர் முறை அயல்நாட்டுத் தொழிலாளியை ஆண்டது. தொழிலாளி நாட்டுக்குள் வருவதும் தங்குவதும் ஒரு முதலாளியின் பொறுப்பில். அவரை விட்டு வேறொருவரிடம் வேலைக்குச் செல்ல அவர் தரும் சான்று வேண்டும், என்.ஓ.சி. என்று நம்மவர் சொல்கிறார்களே, அந்தத் தடையின்மைச் சான்று. சில நாடுகளில், ஊர் திரும்பவும் அவர் இசைவு வேண்டும். மனம் பொறாமல் வெளியேறினாலோ, 'ஓடிப்போனவன்' என்று முதலாளி ஒரு புகார் கொடுத்தால் போதும். காலையில் தொழிலாளியாக இருந்தவன் மாலையில் குற்றவாளி.

அந்தத் துண்டிலாவது தொகை எழுதியிருந்தது. கட்டினால் விடுதலை. இந்தச் சான்றுக்கு எழுதப்பட்ட விலையே கிடையாது. முதலாளியின் மனம் இளகுவதே விலை.

விரும்பித்தானே போனான் என்பாரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: விரும்பிப் போனான், சரி, விரும்பினால் திரும்ப முடிந்ததா? ஒருமுறை 'ஆம்' என்று சொன்னவன், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் 'இல்லை' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தால்தான், முதல் நாள் சொன்ன 'ஆம்' விருப்பம் என்று மதிக்கப்படலாம். சொல்ல முடியாத நிலையில் வைத்துவிட்டு, அவன் என்றோ சொன்ன ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டுவது, வலையிலே விழுந்த மீனிடம், நீயேதானே நீந்தி வந்தாய் என்று கேட்பதாகும்.

விருப்பத்தை இவ்வளவு போற்றுகிறவர்கள், எல்லா நேரத்திலும் அதைப் போற்றினார்களா? 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், அந்த மலைகளைத் தேயிலைக் காடுகளாக்கிய தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964-இல் இந்தியத் தலைமை அமைச்சர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்! பாகப் பிரிவினை! ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களைப் பங்கு போட்டார்களே, அப்போது அந்த மக்களிடம் விருப்பம் கேட்டார்களா? போகும்போது விருப்பம் என்றார்கள். திருப்பும்போது கணக்கு என்றார்கள்.

இனி, மறுபக்கத்து வாதம். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஏளனம் செய்து தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

அவர்கள் சொல்வது இது: "உரிமை உரிமை என்று அடுக்கிக்கொண்டே போனால், ஆளைக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவு ஏறும். செலவு ஏறினால் முதலாளி குறைவான ஆட்களையே கொண்டுவருவான். நூறு பேருக்கு வேலை கிடைத்த இடத்தில் ஐம்பது பேருக்குத்தான் கிடைக்கும். மற்ற ஐம்பது பேர் ஊரிலேயே பட்டினி கிடப்பார்கள். அரை வயிற்றுக் கஞ்சியையும் தட்டிப் பறிப்பதா முற்போக்கு?" மார்ட்டின் ரூஸ் எனும் அறிஞர், 46 நாடுகளின் குடியேற்றத் திட்டங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட நூலில், அயல்நாட்டுத் தொழிலாளரை அதிகமாக வரவேற்கும் திட்டங்கள், சில உரிமைகளைக் குறைத்தே தருகின்றன என்று காட்டுகிறார். கற்பனையன்று, அவர் காட்டுவது உண்மை நிலை.

இந்த வாதத்தை நம்பி ஓர் அரசு நடந்தால் என்ன ஆகும் என்பதை அண்மையிலேயே கண்டோம். 2020 செப்டம்பரில், கொள்ளைநோயால் உலகம் முடங்கிக் கிடந்த வேளையில், இந்திய அரசு வளைகுடாவுக்குச் செல்லும் தன் தொழிலாளருக்குக் குறைந்தது இவ்வளவு ஊதியம் தரவேண்டும் என்று தான் வரையறுத்திருந்த தொகையை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. கத்தார் முதலிய நாடுகளுக்கு மாதம் 200 டாலர் என்றாயிற்று. காரணம்? நம்மவர்க்கு வேலை போய்விடக் கூடாது என்ற பரிவு! அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஆகஸ்டில், அதே கத்தார் தன் நாட்டில் எவருக்கும் 1,000 ரியாலுக்குக் குறைவான ஊதியம் தரலாகாது எனச் சட்டம் இயற்றியிருந்தது. 1,000 ரியால் என்றால் ஏறத்தாழ 275 டாலர். வாங்குகிறவன் 275 தரச் சட்டம் செய்கிறான். பெற்றவள் 200 போதும் என்கிறாள்! எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது, 2021 சூலையில் பழைய வரையறை திரும்பிற்று.

குறைத்தால் வேலை பெருகும் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். குறைக்கத் தெரிந்தவர் நாம் மட்டுமல்லவே! பிலிப்பைன்சு நாடு, வீட்டு வேலைக்குச் செல்லும் தன் பெண்களுக்கு மாதம் 400 டாலராவது வேண்டும் என்று கேட்டது. 2011-இல் சவூதி அரசு, பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வீட்டுப் பணியாளரை எடுப்பதையே நிறுத்தியது. பிலிப்பைன்சு பணியவில்லை, 2012-இல் 400 டாலருக்கு இசைவு கிடைத்தது. பொறுத்தவர் பெற்றார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015-இல் வங்கதேசம் சவூதியோடு உடன்பாடு செய்தது. அதன் பெண்களுக்குப் பேசப்பட்ட ஊதியம் 800 ரியால். டாலரில் 213 அளவு, ஏறத்தாழ பாதி! வறுமை வறுமையோடு போட்டி போட்டால் ஏலம் கீழ்நோக்கித்தான் போகும். ஆளை அனுப்பும் நாடுகள் ஒன்றுகூடி, இதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று கோடு கிழிக்காதவரை, தனியே நிமிரும் எந்த நாட்டையும் பக்கத்து நாடு குனிய வைத்துவிடும். தொழிற்சங்கம் கண்ட பாடம் இது. அரசுகள் இன்னும் கற்கவில்லை.

ஆகவே, ஊதியத்தின் அளவைப் பற்றிப் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு என்பதை ஒப்புகிறேன். இன்ன நாட்டில் இன்ன தொகை என்பது ஏறும், இறங்கும். விடுப்பு எத்தனை நாள், உறைவிடம் எவ்வளவு இடம் என்பதிலும் படிப்படியாக முன்னேறலாம். பேரத்துக்கே வரக்கூடாத உரிமை ஒன்று இருக்கிறது: முதலாளியை விட்டு விலகும் உரிமை. ஏன் அதைத் தனியே எடுக்கிறேன் என்றால், மற்ற எல்லா உரிமைகளும் அதன் தோளிலேதான் நிற்கின்றன. எட்டு மணி நேர வேலை என்று சட்டம் சொல்கிறது; பதினான்கு மணி நேரம் வாங்குகிறான்; முறையிட்டால் நாடு கடத்தப்படுவாய் என்கிறான். அப்போது எட்டு மணி நேரச் சட்டம் எங்கே இருக்கிறது? தாளிலே இருக்கிறது. வெளியேறி அடுத்த தெருவில் வேலை தேடலாம் என்ற நிலையிருந்தால், பதினான்கு மணி நேரம் கேட்கும் வாய் தானே அடங்கும்.

இதற்குச் சான்றும் உண்டு. 2011-இல் ஐக்கிய அரபு அமீரகம், ஒப்பந்தக் காலம் முடிந்தவர் பழைய முதலாளியின் சான்றின்றியே வேறிடம் மாறலாம் என்று விதியைத் தளர்த்தியது. பொருளியலார் மூவர் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். தொழிலாளரின் ஊதியம் உயர்ந்தது. ஓடிவிடுவார்களோ என்று அஞ்சிய முதலாளிகளிடமே முன்னைவிட அதிகம் பேர் தங்கினர்! விட்டால் போய்விடுவான் என்று கட்டிவைத்தார்கள்; கட்டை அவிழ்த்ததும், தக்க ஊதியம் தந்தவனிடம் தானே நின்றான்.

அதே ஆய்வு கசப்பான செய்தி ஒன்றையும் சொல்கிறது. அதை மறைப்பது பகுத்தறிவாகாது. புதிதாக வருவோருக்கான தேவை சற்றே குறைந்தது, அவர்கள் ஊதியமும் தாழ்ந்தது. உள்ளே இருப்பவனுக்கு ஆதாயம், வாசலில் நிற்பவனுக்கு இழப்பு. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்பார்கள். ஆனால், வாசலில் நிற்பவன் யார்? நாளைக்கு உள்ளே இருக்கப்போகிறவன்தானே! இன்று சற்றுத் தாழ்ந்த ஊதியத்தில் நுழைந்தாலும், இரண்டாண்டு கழித்து அவனும் தலை நிமிர்ந்து பேரம் பேசுவான். உள்ளிருப்பவனைக் கட்டிவைத்து வாசலில் இருப்பவனுக்கு இடம் தேடுவது, அவனுக்கும் ஒரு கயிற்றை முறுக்கி வைப்பதாகும்.

முதலாளி தரப்பில் எழும் கேள்வி ஒன்றுண்டு: "பணம் செலவழித்துக் கொண்டுவந்தேனே, வந்த மறுநாளே போய்விட்டால்?" கங்காணியும் இதையேதான் கேட்டிருப்பார். எந்திரம் வாங்குகிறீர், கப்பல் கூலி கொடுக்கிறீர், அது தொழிலின் செலவு. ஆள் கொண்டுவரும் செலவு மட்டும் ஆளின் கழுத்துக்குக் கயிறா? அதிலும், நடப்பது என்ன? செலவழித்தவர் பெரும்பாலும் தொழிலாளியே! தரகர் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கலாகாது என்று விதி. வாங்கும் தொகை இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு என்பது ஊரறிந்தது. மனைவியின் தாலி அடகுக் கடையிலே. அவர் மறுநாளே ஓடிப்போவாராம்!

கத்தார் 2018-இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் இசைவுச் சீட்டை நீக்கியது. 2020-இல் தடையின்மைச் சான்றையும் நீக்கியது. சவூதி 2021 மார்ச்சில் விதிகளைத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. யாரை விட்டார்கள் பாருங்கள்! நான்கு சுவருக்குள், பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் பெண்ணை. அந்தப் பெண்ணுக்கு இந்திய அரசு கண்ட வழியோ, பல்லாண்டுகளாக, 30 வயது நிரம்பாதவள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகாதே என்பது. பாதுகாப்பாம்! பெண்ணைப் பாதுகாக்க வீட்டுக்குள் பூட்டுவது நம் நாட்டுப் பழைய மருந்துதானே. பூட்டிய கதவைத் தாண்டி, சுற்றுலா விசாவிலே தரகர் அழைத்துப் போகிறார். பதிவேட்டில் பெயர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, தூதரகத்துக்குத் தெரியாது. நேபாளம் 2017-இல் தடை விதித்தபோது அதன் பெண்கள் இந்தியா வழியாகப் போயினர். தடை, போவதை நிறுத்தவில்லை. போனவளின் தடயத்தை மறைத்தது.

அரபு நாட்டு முதலாளியைக் கண்டிப்பது நமக்கு எளிது. தொலைவிலிருப்பவனைக் கண்டிக்கத் துணிவு வேண்டியதில்லை. நம் மண்ணுக்கு வருவோம்.

தென்மாவட்டத்து ஏழைப் பெண்களைக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு அழைத்துவந்த 'சுமங்கலித் திட்ட'த்தை எண்ணிப்பாருங்கள். மூன்றாண்டு வேலை, விடுதி வாசம், வெளியே போகக் கட்டுப்பாடு, முடிவிலே 30,000, 50,000 என்று திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. இடையில் விலகினால் அந்தத் தொகை ஐயத்துக்குரியது. வரதட்சிணை எனும் இழிவை வைத்துத் துண்டு எழுதினார்கள்! பெயரோ மங்கலப் பெயர்!

அடுத்து, பீகார், சார்க்கண்டு, ஒடிசா, வங்கம், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வந்து, தகரக் கொட்டகையிலே படுத்து, நம் ஊர் மாளிகைகளைக் கட்டும் தோழர்கள். அவர்களைப் பற்றி நம்மிடையே பேச்சு எப்படி இருக்கிறது? "அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம்மவன் பிழைப்பு கெடுகிறது" என்று இயக்கத்து இளைஞர் சிலரே பேசக் கேட்கிறோம். மலேயாவிலும் இலங்கையிலும் நம் பாட்டன்மாரைப் பார்த்துப் பேசிய பேச்சு, சொல் மாறாமல் நம் நாவிலே! குறைந்த கூலியை அவன் கொண்டுவரவில்லை. கொடுப்பவன் இங்கே இருக்கிறான், தமிழிலே பேசுகிறான். உள்ளூர்த் தொழிலாளிக்குத் தரும் அதே கூலியை அவனுக்கும் தரவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், மலிவு என்பதற்காக எவனை எவன் அழைப்பான்?

அந்த நிலையைச் சட்டம் எழுதிவைக்காமலில்லை. 1979-ஆம் ஆண்டு மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்றது. பயணப்படி, இடப்பெயர்வுப்படி என்றது. ஒப்பந்தக்காரர் ஐந்து பேரைக் கொண்டுவந்தாலே பதிவு செய்யவேண்டும் என்றது. ஏட்டளவில் கிடந்த சட்டந்தான். 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கிற்று, இடப்பெயர்வுப்படியைக் கைவிட்டது. ஒன்பது பேரோடு வரும் தரகருக்கு இனி எந்தக் கணக்கும் இல்லை.

நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனை? இந்தியைத் திணிக்காதே என்று முழங்கிய நாம், அவர்களுக்கான அறிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் வங்கத்திலும் அச்சிட ஏன் தயங்கவேண்டும்? ஆட்சி திணிக்கும் மொழியை எதிர்ப்பது வேறு. உழைப்பவனிடம் அவனுக்குப் புரியும் மொழியிலே பேசுவது வேறு. ஒரு பக்கம் போதும்: இந்த வேலைக்குச் சட்டப்படி கூலி இவ்வளவு, முறையிட வேண்டிய தொழிலாளர் அலுவலகம் இன்ன தெருவில் இருக்கிறது, உன் அடையாள அட்டையைப் பிடித்துவைக்க எவருக்கும் உரிமை இல்லை, வேலையை விட்டு விலகினாலும் உழைத்த நாளுக்குரிய கூலி உன்னுடையது. கொட்டகை வாசலிலே நின்று, மாலை வேலை முடிந்து வருவோர் கையில் அந்தத் துண்டறிக்கையைக் கொடுக்க, ஒவ்வோர் ஊரிலும் நான்கு இளைஞர்கள் கிடைக்கமாட்டார்களா?